கம்பனி வாகனமா, பயணப்படியா?

வாசகர் கேள்வி – பதில்

வன்னியில் களவேலை பார்ப்பவர்களிடமிருந்து வந்த கடிதங்களில், வேலைப் பயணம் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்திருக்கிறோம். கணக்குகளில் பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று வைத்துள்ளோம். வாகன விலை, ரயர் விலை, காப்புறுதிக் கட்டணம் எல்லாம் உதாரணத்துக்குப் போட்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு ஒருமுறை நீங்களே கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: விவசாய உள்ளீடுகள் விற்கும் தனியார் நிறுவனமொன்றில் விற்பனை அலுவலராக இருக்கிறேன். சம்பளம் 140,000 ரூபா. இதுவரை கம்பனிக் கார், பெற்றோலும் கம்பனிதான். காரைத் திருப்பிக் கொடுத்தால் மாதம் 75,000 ரூபா பயணப்படி தருகிறோம் என்கிறார்கள். பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு, ஒட்டுசுட்டான், மாங்குளம் என்று சுற்றி வருவதுதான் என் வேலை. மாதம் 1,800 கிலோமீற்றர் ஓடும். சொந்தமாக ஒரு சின்னக் கார் வாங்கிக்கொண்டு படியை எடுப்பது நல்லம்தானே?
— வாசகர், கிளிநொச்சி

பதில்: காரைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். 75,000 ரூபா பெரிதாகத் தெரிவதற்குக் காரணம், அதைப் பெற்றோல் செலவோடு மட்டும் வைத்துப் பார்ப்பதுதான்.

பரந்தன் சந்தியால் திரும்பி முல்லைத்தீவுக்குப் போய், ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளத்தில் ஏறி, ஏ9 வீதியால் வீடு திரும்பினால் ஏறக்குறைய 140 கிலோமீற்றர். மாதத்தில் பன்னிரண்டு சுற்று, அதோடு உள்வீதிகள் என்று பார்த்தால் நீங்கள் சொல்லும் 1,800 சரியாகவே வருகிறது. 800 சிசிக் கார் ஒன்று, ஏசியும் போட்டு, கிரவல் வீதியும் ஓடி, லீற்றருக்கு 14 கிலோமீற்றர் தரும் என்று வைப்போம். பெற்றோல் கிட்டத்தட்ட 129 லீற்றர், 38,600 ரூபா. இதைக் கண்டுதான் மிச்சம் 36,000 ரூபா கையில் நிற்கும் என்று நினைக்கிறோம்.

இனி மற்றச் செலவுகள். 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயிலும் பில்டரும் மாற்ற 15,000 ரூபா என்றால் கிலோமீற்றருக்கு 3 ரூபா, மாதம் 5,400. நான்கு ரயர் 72,000 ரூபா. கார்ப்பெட் வீதியில் மட்டும் ஓடினால் 40,000 கிலோமீற்றர் தாங்கும் ரயர், கிரவலும் கலந்தால் 30,000 தாங்கினாலே பெரிய காரியம். அது கிலோமீற்றருக்கு 2 ரூபா 40 சதம், மாதம் 4,300. சொக் அப்சோபர், புஷ், பிரேக் பாட், பற்றரி, வீல் அலைன்மென்ட் என்று கிலோமீற்றருக்கு 4 ரூபா ஒதுக்கினால் மாதம் 7,200. முழுக் காப்புறுதி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை மூன்றும் சேர்ந்து மாதம் 8,000.

கடைசியாக, யாரும் எழுதிவைக்காத செலவு: காரின் விலை இறங்குவது. 40 இலட்சத்துக்கு வாங்கும் காரில் ஐந்து வருடத்தில் 108,000 கிலோமீற்றர் ஏற்றிவிட்டு 30 இலட்சத்துக்கு விற்றால், போன 10 இலட்சம் மாதத்துக்கு 16,700 ரூபா.

எல்லாம் கூட்டினால் 80,200 ரூபா. கிலோமீற்றருக்கு 44 ரூபா 55 சதம். லீசிங் வட்டி இதில் சேரவில்லை. லீசிங்கில் எடுத்தால் அதையும் மேலே போடுங்கள்.

வருமானப் பக்கம் பாருங்கள். 2025 ஏப்ரலிலிருந்து, மாதமொன்றுக்கு 150,000 ரூபா வரைக்கும் சம்பள வரி இல்லை. படியோடு உங்கள் மொத்தம் 215,000 ஆகும். மேலதிகமான 65,000க்கு 6 வீதம், அதாவது 3,900 ரூபா வரி. கையில் வருவது 71,100. செலவு 80,200. ஒவ்வொரு மாதமும் 9,100 ரூபாவை உங்கள் சம்பளத்திலிருந்து கம்பனியின் வேலைக்குக் கொடுக்கிறீர்கள். கம்பனிக் காரைச் சொந்தப் பாவனைக்கும் எடுத்தால், அந்த வசதிக்கு ஒரு பெறுமதி போட்டு சம்பளத்தோடு சேர்த்து வரி கணக்கிடுவார்கள். ஆனால் உங்கள் சம்பளத்தில் அந்த வரி சின்னத் தொகைதான்.

எத்தனை கிலோமீற்றரில் இது மாறும் என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது. மேலே உள்ள செலவில் கார் நின்றாலும் ஓடினாலும் போவது 24,700 ரூபா (காப்புறுதி, அனுமதிப்பத்திரம், விலை இறக்கம்). ஓடினால் மட்டும் போவது கிலோமீற்றருக்கு 30 ரூபா 83 சதம். 71,100 இலிருந்து 24,700ஐக் கழித்து 30.83 ஆல் பிரித்தால் 1,505. மாதம் 1,500 கிலோமீற்றருக்குக் கீழே ஓடுபவருக்கு இதே 75,000 ரூபாப் படி இலாபம். 700 மட்டும் ஓடும் அலுவலக மேற்பார்வையாளர் ஒருவருக்கு வரியும் போக 24,800 ரூபா மிஞ்சும். அதே படி, அதே கம்பனி, ஒருவருக்கு இலாபம், உங்களுக்கு நட்டம். ஆகவே பக்கத்து மேசைக்காரர் எடுத்தார் என்பதற்காக எடுக்க வேண்டாம்.

கம்பனி பிடிவாதமாக நின்றால், நிலையான தொகை வேண்டாம், கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் கணக்கில் அது 45 ரூபா.

கேள்வி: நுண்கடன் நிறுவனத்தில் கள உத்தியோகத்தராக வேலை. சொந்த மோட்டார் சைக்கிளில் மாதம் 1,500 கிலோமீற்றர் ஓடுகிறேன். 15,000 ரூபா தருகிறார்கள். பெற்றோல் அடித்து மிச்சம் வருகிறது, ஆனால் வருடக் கடைசியில் கையில் ஒன்றும் இல்லை. எங்கே போகிறது?
— வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: செயினுக்கும் ரயருக்கும் போகிறது, தங்கச்சி. அதைவிடப் பெரிதாக, மோட்டார் சைக்கிளின் விலையிலேயே போகிறது.

லீற்றருக்கு 45 கிலோமீற்றர் என்றால் பெற்றோல் 10,000 ரூபா. 2,500 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் ஒயில், 2,500 ரூபா என்றால் மாதம் 1,500. முன்பின் ரயர் இரண்டும் 20,000 ரூபா, 18,000 கிலோமீற்றர் தாங்கினால் மாதம் 1,650. செயின் செற் 7,000 ரூபா, 15,000 கிலோமீற்றர் ஓடினால் மாதம் 700. பிரேக் கட்டை, கேபிள், பல்ப், பெயாரிங் 1,500. காப்புறுதியும் அனுமதிப்பத்திரமும் மாதம் 1,000. 6 இலட்சத்துக்கு எடுத்ததை ஐந்து வருடம் கழித்து மூன்றரை இலட்சத்துக்குக் கொடுத்தால் மாதம் 4,170 கரைகிறது. மொத்தம் 20,500 ரூபா சொச்சம். கிலோமீற்றருக்கு 13 ரூபா 70 சதம். 5,500 ரூபாவை மாதாமாதம் நீங்கள் போடுகிறீர்கள். உடனே தெரியாததற்குக் காரணம், அது ரயர் தேயும்போதும் வண்டியை விற்கும்போதும் மொத்தமாக வருவதுதான்.

கிலோமீற்றருக்கு 14 ரூபா கேளுங்கள். அல்லது கம்பனி மோட்டார் சைக்கிளும் பெற்றோல் காசும் கேளுங்கள். கேட்கும்போது மூன்று மாத ஓட்டக் கணக்கையும் பற்றுச்சீட்டுகளையும் மேசையில் வையுங்கள். "காணாது" என்று வாயால் சொன்னால் மற்றவர்களுக்குக் காணும்தானே என்பார்கள்; தாளில் இருந்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

செலவைக் குறைக்க உங்கள் கையில் இருப்பது இரண்டு. ஒன்று எயார் பில்டர். சேர்விஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் இடைவெளி கார்ப்பெட் வீதிக்கானது. ஆடி, ஆவணியில் உள்வீதிகளில் முன்னுக்கு ஒரு உழவு இயந்திரம் போனாலே போதும், செம்புழுதி கண்ணுக்கு முன்னால் திரையாக நிற்கும். அந்த வீதியில் 2,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை பில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். கடதாசி மடிப்புகளுக்குள் சிவப்புப் படிந்திருந்தால் காற்றை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் புழுதி கடதாசிக்குள் இன்னும் இறுகும். அடைத்த பில்டரோடு ஓடினால் காற்றுக் குறைந்து பெற்றோல் கூடி எரியும். 45 தந்த வண்டி 38க்கு இறங்கினால் அதுவே மாதம் 1,800 ரூபா. பில்டர் கிழிந்திருந்தால் கழுவிப் போட வேண்டாம், புதிதாகப் போடுங்கள். புழுதி சிலிண்டருக்குள் போனால் பிஸ்டன் ரிங் தேய்ந்து ஒயில் குடிக்கத் தொடங்கும்.

மற்றது செயின். 500 கிலோமீற்றருக்கு ஒருமுறை துடைத்து, செயின் ஸ்பிரே அல்லது கியர் ஒயில் போடுங்கள். பழைய எஞ்சின் ஒயிலைத் தாராளமாக ஊற்றினால் மணல் அதில் ஒட்டிக்கொண்டு அரத்தாள் போலப் பல்லைத் தின்னும்.

கேள்வி: "படியாகத் தந்தால் வரி வெட்டுவோம், பில் கொண்டுவந்தால் வெட்டமாட்டோம்" என்று எங்கள் கணக்குப் பிரிவு சொல்கிறது. இரண்டும் ஒரே காசுதானே? என் சம்பளம் 210,000 ரூபா, படி 75,000.
— வாசகர், வவுனியா

பதில்: கணக்குப் பிரிவு சொல்வது சரி. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி பயணப்படி என்பது ஊழியர் வருமானம். நிறுவனத்துக்காக நீங்கள் செய்த செலவை நிறுவனம் உங்களுக்குத் திருப்பித் தருவது வருமானம் அல்ல. உங்களைப் போன்ற சம்பளக்காரருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

210,000 மட்டும் என்றால் 150,000க்கு மேலான 60,000க்கு 6 வீதம், 3,600 ரூபா. படியோடு 285,000 ஆனால் 150,000க்கு மேலான முதல் 83,333 ரூபாவுக்கு 6 வீதம் 5,000, அடுத்த 41,667 ரூபாவுக்கு 18 வீதம் 7,500, மிச்சம் 10,000க்கு 24 வீதம் 2,400. மொத்தம் 14,900 ரூபா. ஆக, 75,000 ரூபாப் படியில் 11,300 ரூபா வரியாகப் போகிறது. அதே 75,000ஐ உண்மைச் செலவாகக் காட்டி எடுத்தால் அது உங்கள் கையில் நிற்கும். ஆனால் 150,000க்குக் கீழே மொத்தமும் அடங்கும் ஒருவர் இதற்காக மினக்கெடத் தேவையில்லை. அவருக்கு எப்படி வந்தாலும் வரி இல்லை.

மீளப் பெறுவதற்கு ஆதாரம் ரன்னிங் சாட். திகதி, புறப்படும்போது மீற்றர், திரும்பியபோது மீற்றர், எங்கே, எதற்காக, ஓடிய தூரம் என்று ஆறு நிரல் போதும். அன்றன்றைக்கே வாகனத்தில் இருந்தபடி எழுதுங்கள். மாதக் கடைசியில் ஒரே பேனையால் முப்பது நாளையும் எழுதிய சாட்டை எந்தக் கணக்காய்வாளரும் தூரத்தில் கண்டே பிடிப்பார். தூரங்கள் எல்லாம் 50, 80, 100 என்று முழு எண்ணில் நின்றாலும் அப்படித்தான். வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போய்வருவது சொந்தப் பயணம். அதைத் தனியாகக் காட்டுங்கள். பெற்றோல் பில்லில் வாகன இலக்கம் எழுதுவித்து, அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். அந்த வழவழப்பான தாள் வெயிலில் கிடந்தால் இரண்டு மாதத்தில் எழுத்து மறைந்து வெறும் வெள்ளைத் தாளாகிவிடும்.

கேள்வி: படியை எடுப்பது என்று முடிவாகிவிட்டது. ஒப்பந்தத்தில் என்ன எழுதுவிக்க வேண்டும்?
— வாசகர், மல்லாவி

பதில்: எல்லாவற்றுக்கும் முன்னால் பெற்றோல் விலை. 2021 டிசம்பர் கடைசியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா. 2022 ஜூன் 26ஆம் திகதி 470 ரூபா. ஆறு மாதம்தான். 1,800 கிலோமீற்றர் ஓடும் காருக்கு 22,800 ரூபாவாக இருந்த பெற்றோல் செலவு 60,400 ஆனது. நிலையான படி வாங்கியவர்களுக்கு இடையில் வந்த 37,600 ரூபாவை யார் தருவது என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. அது மறுபடி நடக்குமா என்பதல்ல விஷயம். நடந்தால் யார் தாங்குவது என்பதை இன்றைக்கே எழுதிவைக்க வேண்டும்.

இப்படி எழுதலாம்: "இந்தப் படி, பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்ற அடிப்படையில் கணிக்கப்பட்டது. விலை 10 ரூபாவுக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ, ஒவ்வொரு 10 ரூபாவுக்கும் கிலோமீற்றருக்கு 70 சதம் வீதம், விலை மாறிய அதே மாதத்திலிருந்து படி மாற்றப்படும்." 70 சதம் எப்படி வந்தது என்றால் 10 ரூபாவை 14 கிலோமீற்றரால் பிரித்தது. மோட்டார் சைக்கிளுக்கு 45ஆல் பிரியுங்கள், 22 சதம். விலை குறையும்போது குறைக்கவும் ஒத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் ஓடும் நிபந்தனைக்குத்தான் முகாமையாளர் கையெழுத்திடுவார்.

இரண்டாவது, பெற்றோலே கிடைக்காத நாட்கள். 2022இல் கியூஆர் முறை வந்து வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து தந்தபோது களத்துக்குப் போக முடியவில்லை, இலக்கு மட்டும் குறையவில்லை. பங்கீடு வந்தால் இலக்கும் அதே அளவுக்குக் குறையும் என்று ஒரு வரி போடுங்கள்.

மூன்றாவது, விடுமுறையிலும் சுகவீன விடுப்பிலும் படி உண்டா என்பது. காப்புறுதியும் லீசிங்கும் நீங்கள் படுத்திருந்தாலும் வரும். ஆகவே படியை இரண்டாகப் பிரித்து, நிலையான பகுதி எப்போதும், ஓட்டப் பகுதி ஓடினால் மட்டும் என்று கேட்பது நியாயமானது. இந்தப் பத்தியில் எதைத் தவறவிட்டாலும் இந்த இரு பகுதி முறையைத் தவறவிட வேண்டாம். நிறுவனத்துக்கும் அது நட்டமில்லை.

கேள்வி: அடிப்படைச் சம்பளத்தில் 25,000 ரூபாவைக் குறைத்து, அதைப் பயணப்படியாகத் தருகிறார்களாம். கையில் வரும் தொகை குறையாது, கூடும் என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?
— வாசகி, முல்லைத்தீவு

பதில்: வேண்டாம். கையில் கூடுவது உண்மைதான்: உங்கள் 8 வீத சேமலாப நிதிப் பங்களிப்பு 25,000க்கு வெட்டப்படாமல் 2,000 ரூபா கூடுதலாக வரும். அந்த 2,000 உங்கள் சேமிப்பிலிருந்து எடுத்தது. அதோடு நிறுவனம் போடும் 12 வீதம் 3,000 ரூபாவும், ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம் 750 ரூபாவும் நின்றுவிடும். வருடத்துக்கு 45,000 ரூபா நிறுவனத்துக்கு மிச்சம், உங்களுக்கு நட்டம். பணிக்கொடையும் கடைசிச் சம்பளத்தை வைத்துத்தான்: முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். 25,000 குறைந்தால் வருடத்துக்கு 12,500, பத்து வருடம் வேலை செய்தவருக்கு 125,000 ரூபா.

வங்கிக் கடனுக்குப் போனாலும் அடிப்படைச் சம்பளத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். பயணப்படி சம்பளத்துக்கு மேலே வர வேண்டியது. சம்பளத்தை வெட்டித் தந்தால் அது உங்கள் காசு, படி இல்லை.

கேள்வி: படி வருகிறது என்று நம்பி லீசிங்கில் கார் எடுக்கப் போகிறேன். மாதக் கட்டணம் படிக்குள் அடங்கும்.
— வாசகர், பூநகரி

பதில்: படி வேலையோடு நிற்கும், லீசிங் ஐந்து வருடம் நிற்கும். மாதக் கட்டணம் படிக்குள் அடங்கினால் பெற்றோலுக்கு எதை எடுப்பீர்கள் என்பதையும் கேட்டுப் பாருங்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய தனிப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. அந்த இடைவெளியில் ஏறிய விலைக்கு இன்றைக்கு வாங்கினால், விற்கும்போது இறக்கம் பலமாக இருக்கலாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால், படி இல்லாமலே மூன்று மாதக் கட்டணத்தைக் கட்டக்கூடிய காசு கையில் இருக்கும்போது எடுங்கள்.

கேள்வி: சொந்தக் காரில் கம்பனியின் விதைப் பைகளையும் சில நேரம் சக ஊழியர்களையும் ஏற்றிப் போகிறேன். முழுக் காப்புறுதி இருக்கிறது. பயமில்லைதானே?
— வாசகர், செட்டிகுளம்

பதில்: காப்புறுதிப் பத்திரத்தில் "பாவனை" என்ற பகுதியை எடுத்து வாசியுங்கள். தனிப்பட்ட பாவனை என்று மட்டும் இருந்தால், வேலைக்காக ஓடுவது அதற்குள் வருமா என்று முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சு விபத்து நாளில் நிற்காது. ஆட்களிடமோ சாமானுக்கோ கூலி வாங்கினால் அது வேறு வகைக் காப்புறுதி. சக ஊழியர்கள் பெற்றோலுக்கென்று மாதாமாதம் காசு தந்தாலும் சிக்கல் வரும். விதைப் பைகளுக்குக் காரின் காப்புறுதியில் இடமில்லை, அது நிறுவனம் பார்க்க வேண்டியது.

விபத்து நடந்தால் காயப்பட்டவர்கள் முதல், 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். பிறகு காப்புறுதி நிறுவனத்தின் அவசர இலக்கம், பொலிஸ். அவர்கள் சொல்லும்வரை வாகனத்தை நகர்த்த வேண்டாம். நான்கு பக்கமும், வீதியில் ரயர் இழுபட்ட தடத்தையும், மற்ற வாகனத்தின் இலக்கத்தையும் படம் எடுங்கள். கோரிக்கையில் முதல் குறிப்பிட்ட தொகையை நீங்களே தாங்க வேண்டும் என்ற நிபந்தனை பல பத்திரங்களில் உண்டு. வேலை நேரத்தில் நடந்தால் அந்தத் தொகையை நிறுவனம் தரும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். இரவில் நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் ஓடுபவர்கள் இதை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. வீதியில் படுத்திருக்கும் மாடும், குறுக்கே வரும் யானையும் யாருக்கும் நட்டஈடு தராது.

கேள்வி: மாரி மழையில் மதகுக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தபோது கம்பனிக் கார் நின்றுவிட்டது. இரண்டு மூன்று தரம் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன், பிறகு எஞ்சின் இறுகிவிட்டது. திருத்தச் செலவில் பாதியை நான் தர வேண்டும் என்கிறார்கள். கம்பனி வாகனம் என்றால் பொறுப்பில்லை என்று நினைத்தேன்.
— வாசகர், நெடுங்கேணி

பதில்: கம்பனி வாகனத்தில் தேய்மானம்தான் உங்கள் பொறுப்பில்லை. கவனயீனம் என்று அவர்கள் சொல்லக்கூடியது எது, எவ்வளவுக்கு நீங்கள் பொறுப்பு என்பது வாகனம் கையேற்கும்போது கையெழுத்திட்ட தாளில் இருக்கும். அதை முதலில் எடுத்துப் பாருங்கள். தாளில் இல்லாத தொகையைச் சம்பளத்தில் வெட்டச் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டாம். உங்களை அந்த நாளில் அந்தப் பாதையால் போகச் சொன்னது யார், தொலைபேசிச் செய்தி இருக்கிறதா என்பதும் முக்கியம். காப்புறுதியில் வெள்ளத்துக்கான காப்பைச் சேர்த்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்; பல இடங்களில் அது தனியாகக் காசு கட்டிச் சேர்ப்பது.

நடந்தது என்னவென்றால், எயார் பில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கிறது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. கார் நின்றபோது எஞ்சின் பெரும்பாலும் தப்பியிருக்கும். இரண்டாம் தரம் ஸ்டார்ட்டர் சுற்றும்போதுதான் பிஸ்டன் தண்ணீரில் மோதி கொனெக்டிங் றொட் வளையும்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். குளங்கள் வான் பாயும் நாட்களில் தண்ணீர் சில்லின் நடு உயரத்தைத் தாண்டினால் காரை அதற்குள் இறக்க வேண்டாம். ஓடும் தண்ணீரென்றால் அதைவிடக் குறைந்த ஆழத்திலும் வேண்டாம். சின்னக் காரை அது தூக்கி இழுக்கும். தண்ணீருக்குள் நின்றுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். தள்ளி மேட்டுக்கு எடுங்கள், பற்றரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுங்கள். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கையால் எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றட்டும். பிறகு ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள்: ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த ஒயிலோடு ஒரு நிமிடமும் ஓடக் கூடாது. ஒயில், பில்டர் மாற்றி, கியர்பொக்ஸ் ஒயிலையும் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட். வெள்ளத்துக்குள் நின்ற வாகனத்தின் வீல் பெயாரிங் ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் இரையத் தொடங்கும். கம்பனிக்குக் கொடுக்கும் அறிக்கையில் அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள், பிறகு அது புதிய பிழையாக உங்கள் தலையில் விழாது.

கேள்வி: மின்சார ஸ்கூட்டர் வாங்கினால் படி முழுக்க மிச்சம்தானே?
— வாசகி, மாங்குளம்

பதில்: வேலை மாங்குளம் ரவுணுக்குள் என்றால் வாங்கலாம். முல்லைத்தீவு வரை போய்வர 100 கிலோமீற்றர். சின்ன ஸ்கூட்டருக்கு அது ஒரு சார்ஜில் பெரும்பாலும் எட்டாது, வழியில் நம்பிச் சார்ஜ் போடும் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாங்க முன்னம் இன்னொன்று: வீதியில் ஓட்ட அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவாகியிருக்க வேண்டும். இலக்கத் தகடு இல்லாததை வேலைக்கு ஓட்டினால் காப்புறுதியும் இல்லை, படிக்குக் காட்ட ஆதாரமும் இல்லை. பற்றரி மாற்றும் விலையையும் கடையில் எழுத்தில் கேளுங்கள். அதை ஓடக்கூடிய கிலோமீற்றரால் பிரித்து, மேலே மோட்டார் சைக்கிளுக்குப் போட்ட 13 ரூபா 70 சதத்தோடு வைத்துப் பாருங்கள்.